மலைப்பாதையைச் சரிசெய்யப் போகிறவர்களுக்கு ஒரு கொத்தனார் சொல்வது

போடியிலிருந்து குரங்கணி போய், அங்கிருந்து சென்ட்ரல் என்கிற மலைக் கிராமம் வழியாக உச்சியில் இருக்கிற டாப் ஸ்டேஷன் ஏறுகிற பாதையில் நடந்தவர்கள் இதைப் படிப்பவர்களில் சிலராவது இருப்பீர்கள். இறங்கி வந்து டீக்கடையில் உட்காரும்போது யாராவது ஒருவர் கேட்பார்: "அண்ணே, பாதை இப்படி அரிச்சுக் கெடக்கே, நாங்க வந்து ஏதாவது செஞ்சு குடுக்கலாமா?" தாராளமாகச் செய்யலாம். ஆள் வேண்டும்தான். ஆனால் மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே மலைக்குப் போக முடியாது, போகவும் கூடாது. நான் போடியில் கொத்தனார். கட்டட வேலை இல்லாத நாட்களில், அனுமதி வாங்கி, இந்தப் பாதையில் கல் போடுகிற ஆட்களில் ஒருவன். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். மற்ற மலைகளுக்கும் பெரும்பாலும் இது பொருந்தும்.

பாதை யாருக்கு என்பதில் முதலில் தெளிவு வேண்டும். மூணாறுத் தேயிலை ஒரு காலத்தில் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரைக்கும் வந்து, அங்கிருந்து ரோப்பில், அதாவது கம்பிவடத்தில் தொங்கி, கொட்டகுடிக்கு இறங்கி, பிறகு போடிக்கு வரும். 1908-இல் ஓடத் தொடங்கிய அந்த ரயிலை 1924 வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. ரோப்பும் இப்போது இல்லை. மிச்சம் இருப்பது பாதைதான். அதில் இன்றைக்கும் அரிசி மூட்டை ஏறுகிறது, காபியும் ஏலக்காயும் இறங்குகிறது. ஜீப் போகாத இடத்தில் ஒருவருக்கு உடம்பு முடியவில்லை என்றால் டோலி கட்டித்தான் தூக்கி வர வேண்டும். தேர்தல் வந்தால் போடிப் பக்கத்து மலைக் கிராமங்களுக்கு ஓட்டுப்பெட்டி குதிரை முதுகில் போகிறது. ஆகவே நாம் வைக்கிற ஒவ்வொரு கல்லும் சுமையோடு இறங்கும் குதிரைக்கும், டோலியின் பின்கொம்பைத் தோளில் வைத்து, கீழே தரை தெரியாமல் காலை வைக்கிறவருக்கும் ஒத்துவர வேண்டும். வாரக் கடைசியில் வருகிறவர்கள் அதற்கு அடுத்துத்தான்.

சரி, அனுமதி. இது காப்புக்காடு. உள்ளே ஒரு செடியை வெட்டினாலும், ஒரு கல்லைப் பெயர்த்தாலும் சட்டப்படி கேள்வி வரும். மாவட்ட வன அலுவலருக்கு முகவரியிட்டு, வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். மனுவில் "பாதையைச் சீரமைக்க விரும்புகிறோம்" என்று மொத்தமாக எழுதினால் அது மேசையிலேயே கிடக்கும். எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, எத்தனை பேர், எந்தத் தேதி, என்னென்ன கருவி, என்ன வேலை என்று எழுதுங்கள். மரம் வெட்ட மாட்டோம், தீ மூட்ட மாட்டோம், இரவு தங்க மாட்டோம் என்று தனி வரியில் எழுதுங்கள். ஆதார் நகலும், ஒவ்வொருவர் வீட்டுத் தொலைபேசி எண்ணும் இணையுங்கள். மனு கொடுப்பதற்கு முன்பே வனவரையோ வனக்காப்பாளரையோ பார்த்துப் பேசிவிடுவது நல்லது. எந்த இடம் தங்களுக்கே தொந்தரவாக இருக்கிறது என்று அவர்கள் சொல்வார்கள். அந்த இடத்தை எழுதிக் கேட்டால் கிடைப்பது சுலபம். வேலை அன்றைக்கு வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் கூட வருவார். அவர் காவலுக்கு மட்டும் வருகிறார் என்று நினைத்து ஓரமாக உட்கார வைத்துவிடாதீர்கள். அந்த மலையில் நமக்கு வாத்தியார் அவர்தான்.

இன்னொன்று, உச்சியில் எல்லை குறுக்கிடுகிறது. டாப் ஸ்டேஷனைத் தாண்டி மூணாறு போகிற பக்கம் கேரளா. நம் பக்கத்து வனத்துறைக் கடிதம் அந்தப் பக்கம் செல்லாது. மேலே ஏதாவது செய்ய வேண்டும் என்றால் அங்கே தனியாகக் கேட்க வேண்டும். அங்கே கிராமங்களில் வன சம்ரக்ஷண சமிதி, அதாவது ஊர்க்காரர்கள் வனத்துறையோடு சேர்ந்து காட்டைப் பார்த்துக்கொள்கிற குழு, இருக்கும். அவர்கள் மூலமாகப் போனால் வேலை எளிது. மேலே பாதிப் பேர் தமிழ் பேசுகிறவர்கள்தான், பாஷை ஒரு தடையே இல்லை. தடை கடிதம்தான்.

மலையேற்றத்துக்கு என்று தனி விதிகள் வந்தது 2018-இல், குரங்கணித் தீக்குப் பிறகு. 2024 அக்டோபரில் 40 பாதைகளைத் தேர்ந்தெடுத்து வனத்துறையே வழிகாட்டிகளோடு மலையேற்றம் நடத்தத் தொடங்கியது. உங்கள் ஊர்ப் பக்கம் அப்படி ஒரு பாதை இருந்தால் அந்த வழிகாட்டிகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அந்த மலைக் கிராமத்துப் பிள்ளைகளாகவே இருப்பார்கள். எந்த வளைவில் போன மழைக்கு மண் போனது என்று அவர்களுக்கு மனப்பாடம்.

காலம் பார்த்துப் போக வேண்டும். போடிப் பக்கத்துச் சரிவு தென்மேற்கு மழைக்கு மறைவானது. இங்கே பாதையை அறுக்கிற மழை ஐப்பசி, கார்த்திகை. அது ஓய்ந்து, மண்ணில் ஈரம் இருக்கும்போதே, மார்கழி, தை மாதங்களில் கல் வேலையை முடித்துவிட வேண்டும். ஈர மண்தான் இறுகும். காய்ந்த மண்ணை எவ்வளவு இடித்தாலும் புழுதிதான். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை தீக்காலம் என்று காட்டுக்குள் விடமாட்டார்கள். அப்புறம் புரட்டாசியில், மழைக்கு முன்னால், வடிகால் தூர்வார ஒரு நாள். அவ்வளவுதான் வருசத்துக்கு.

இப்போது வேலைக்கு வருகிறேன். மலைப்பாதையைக் கெடுப்பது தண்ணீர். ஆயிரம் பேர் நடந்தாலும் பாதை கொஞ்சம் தேயும், அவ்வளவுதான். ஒரே ஒரு ராத்திரி மழை பாதைக்குள் புகுந்து, வெளியேற வழியில்லாமல் நூறடி ஓடினால் முழங்கால் ஆழத்துக்கு அறுத்துவிடும். அதனால் புதிதாக வருகிறவர்கள் முதல் நாள் கருவியே தொட வேண்டாம் என்பேன். மழை விட்ட மறுநாள், காவலரோடு, கீழிருந்து மேலே மெதுவாக நடங்கள். தண்ணீர் எங்கே பாதைக்குள் நுழைந்தது, எங்கே வெளியேறியது, இந்த இரண்டையும் மட்டும் பாருங்கள். சருகு ஒரே திசையில் படிந்து கிடக்கும். மணல் விசிறியாகப் பரவிக் கிடக்கும். வேர் வெளியே தெரியும். பள்ளம் இருக்கிற இடத்தில் வேலை செய்யத்தான் எல்லாருக்கும் கை துறுதுறுக்கும். ஆனால் வேலை அந்தப் பள்ளத்துக்கு முப்பதடி, நாற்பதடி மேலே, தண்ணீர் உள்ளே நுழைந்த வாயில் இருக்கிறது. அந்த வாயை அடைக்காமல் பள்ளத்தில் மண் போட்டால், போட்ட மண்ணும் அடுத்த மழைக்குக் கொட்டகுடி ஆற்றுக்குப் போய்விடும்.

பாதையின் வெளி ஓரத்தைக் குனிந்து பாருங்கள். ஆள் நடந்து நடந்து நடுப்பகுதி தாழ்ந்து, பள்ளத்தாக்குப் பக்கம் ஒரு சின்ன வரப்பு எழுந்திருக்கும். மேலே புல் முளைத்துப் பார்க்க அழகாக, விழாமல் காப்பது போல இருக்கும். அதுதான் தண்ணீரைப் பாதைக்குள் பிடித்து வைக்கிறது. அதை மம்பட்டியால் செதுக்கி எடுங்கள். பாதை மலைப்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். மூன்றடி அகலத்துக்கு இரண்டு அங்குலச் சாய்வு போதும். மூன்றடிக் குச்சி ஒன்றில் ரசமட்டத்தைக் கட்டி வைத்துப் பார்த்தால் கண் பழகிவிடும். அதற்கு மேல் சாய்த்தால் குதிரைக்குக் கால் வழுக்கும்.

பாதை செங்குத்தாக ஏறுகிற இடத்தில் இந்தச் சாய்வு மட்டும் போதாது, குறுக்கு வடிகால் வேண்டும். புதியவர்கள் செய்வது, பாதைக்கு நேர்க்குறுக்காக ஒரு சாணுக்குக் குழி வெட்டிவிடுவது. நேர்க்குறுக்காக வெட்டினால் தண்ணீர் வந்து முட்டி வேகம் இழக்கும், சுமந்து வந்த மண்ணை அங்கேயே போடும், இரண்டு மழையில் குழி மூடிவிடும். கீழ்நோக்கிச் சாய்வாக, ஏறக்குறைய மூலைவாட்டில் வெட்டுங்கள். அப்போது தண்ணீர் திரும்பும்போதே மண்ணையும் தள்ளிக்கொண்டு போகும். குழியாக வேண்டாம், அகலமான தாழ்வாக இருக்கட்டும். நடக்கிறவருக்கு அங்கே வடிகால் இருப்பதே தெரியக்கூடாது. தோண்டிய மண்ணைத் தாழ்வின் கீழ்ப்பக்கம் போட்டு, நன்றாக மிதித்து, மேடாக்குங்கள். தண்ணீர் வெளியேறும் வாயில் நாலு தட்டைக் கல் பதித்துவிட்டால் அந்த இடம் அரிக்காது.

இதில் ஒரு எச்சரிக்கை. கொண்டை ஊசி வளைவு மாதிரி பாதை திரும்பித் திரும்பி ஏறும் இடத்தில், மேல் வரியில் வெளியேற்றிய தண்ணீர் கீழ் வரியில்தான் வந்து விழும். நின்று கீழே எட்டிப் பாருங்கள். தண்ணீர் பாறை மேலோ, அடர்ந்த புல்லிலோ விழுகிற இடமாகப் பார்த்து வாய் வையுங்கள். யாருடைய காபித் தோட்டத்துக்குள்ளும் திருப்பிவிடாதீர்கள். ஒரு முறை நான் கயிறு பிடித்து ஓர் இடம் குறித்தபோது, அந்த வழியே மூட்டையோடு வந்த முதுவாக்குடிப் பெரியவர் ஒருவர், இந்த மலையின் பழங்குடிகளான முதுவர்களில் ஒருவர், நின்று பார்த்துவிட்டு, "தம்பி, அங்க வேணாம். இன்னும் பத்தடி மேல போ, அங்க அடியில பாறை இருக்கு" என்றார். தோண்டிப் பார்த்தோம், ஒரு சாணில் பாறை. மேலே மண்ணும் புல்லும்தான் தெரிந்தன. அந்த வடிகால் இன்றைக்கும் ஒரு கல் அசையாமல் இருக்கிறது. முதுவர்கள் பேசினால் வேலையை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் படி. படிக்கல் எப்படி உட்கார வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், எனக்கு உயிரான வேலை அது.

கல்லைத் தேடும்போது மேல்பக்கம் மட்டம், அடிப்பக்கம் கனம், இரண்டு பேர் சேர்ந்து புரட்டுகிற எடை, இப்படிப் பாருங்கள். ஓர் ஆள் தூக்கிவிடுகிற கல் ஒரு குதிரை உதைத்தாலே கிளம்பிவிடும். பாதையின் மேல்கரையிலிருந்தும் ஓடையிலிருந்தும் கல் எடுக்காதீர்கள், அவை அங்கே ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கின்றன. சரிவில் சிதறிக் கிடக்கிற கல் போதும். கையை அடியில் விடுவதற்கு முன் கடப்பாரையால் நெம்பிப் பாருங்கள், தேளும் பாம்பும் அங்கேதான் படுத்திருக்கும். கீழே ஆள் நிற்கும்போது மேலே கல்லைப் புரட்டவே கூடாது.

படி எப்போதும் கீழிருந்து மேலே. முதல் கல்தான் மொத்தத்தையும் தாங்கப் போகிறது, அதனால் இருப்பதிலேயே பெரிய கல்லை அங்கே போடுங்கள். குழியைத் தளர்மண் போய்க் கெட்டி மண் வருகிற வரை தோண்டுங்கள். கல்லில் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போக வேண்டும். வெளியே தெரிகிற உயரம் ஆறு அங்குலம், அதிகமாய்ப் போனால் ஏழு. கல்லை இறக்கியதும் மேலே ஏறி நின்று, ஒவ்வொரு மூலையிலும் குதிகாலை ஊன்றி ஆட்டுங்கள். ஆடினால் மறுபடி தூக்கி, அடியில் எங்கே மேடு என்று பார்த்துச் செதுக்க வேண்டும். முன்பக்கம் சின்னக் கல்லைச் செருகி ஆட்டத்தை நிறுத்துவது ஏமாற்று வேலை. அந்தச் செருகுகல் ஒரு மாதத்தில் கழன்றுவிடும், பிறகு படி முன்னால் குடை சாயும்.

ஆட்டம் நின்றதும் சுற்றிலும் உடைகல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, கடப்பாரையின் மொட்டைப் பக்கத்தால் இடியுங்கள். முதலில் "தொப், தொப்" என்று கேட்கும். இடிக்க இடிக்கச் சத்தம் மாறும். "ணங்" என்று கைக்குத் திருப்பி அடித்தால் இறுகிவிட்டது. அப்போது அடுத்த கை உடைகல். கடைசியில் மேலே கொஞ்சம் மண். அடுத்த படிக்கல்லின் முன்விளிம்பு முதல் கல்லின் பின்தலையில் சற்று ஏறி உட்காரட்டும். இப்படி ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து பிடித்துக்கொள்ளும்போது சிமென்ட்டே தேவையில்லை. நான்கு பேர் சேர்ந்து ஒரு நாளில் ஐந்தாறு படி போட்டால் அது நல்ல வேலை. அதற்கு மேல் போட்டிருந்தால் போய் ஆட்டிப் பாருங்கள்.

படிக்கு இரண்டு பக்கமும் நடக்கச் சிரமமான கரடுமுரடான கல்லைப் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் களைத்து வருகிறவர் படியை விட்டு ஓரமாக ஏறுவார், ஒரு வருசத்தில் படிக்குப் பக்கத்தில் புதிதாய் ஒரு ஓடை வந்துவிடும். வளைவுகளுக்கு நடுவே ஆட்கள் புகுந்து இறங்குகிற குறுக்கு வழிகளுக்கும் இதே வைத்தியம். மேல்வாய், கீழ்வாய் இரண்டையும் முள்ளும் கல்லும் போட்டு மறையுங்கள். பலகை எழுதி வைப்பதைவிட, அங்கே ஒரு வழி இருப்பதே கண்ணில் படாமல் செய்வது பலிக்கும்.

சிமென்ட் பற்றிச் சொல்லியாக வேண்டும். சிமென்ட்டில் பிழைக்கிறவன் நான், ஆனாலும் மலைச்சரிவில் அதைப் போடாதீர்கள் என்றுதான் சொல்வேன். ஒரு மலைக்கோயில் பாதையில் காண்டிராக்டில் போட்ட சிமென்ட் படிகளைப் போய்ப் பார்த்தேன். தண்ணீருக்கு வழியே விடவில்லை. அது படிக்கு அடியில் புகுந்து மண்ணை உருவிவிட்டது. மேலே பலகை மாதிரி சிமென்ட் அந்தரத்தில் நிற்கிறது, கீழே கையை விட்டால் முழங்கை வரை போகிறது. என்றைக்கு யார் காலுக்கு உடையும் என்று தெரியாது. கல் படியில் ஒரு கல் கிளம்பினால் அந்த ஒரு கல்லை மறுபடி உட்கார வைக்கலாம். சிமென்ட் போனால் மொத்தமும் போச்சு, உடைந்த சில்லைக் கீழே கொண்டுவரக்கூட ஆள் கிடைக்காது.

பாதையின் வெளிப்பக்கம் சரிந்துபோன இடத்துக்குத் தாங்குசுவர் வேண்டும். ஏலத்தோட்டத்தில் கய்யாலை, அதாவது சிமென்ட் இல்லாமல் கல்லடுக்கிய சுவர், கட்டிப் பழகியவர் உங்கள் குழுவில் ஒருவர் இருந்தால் பாக்கியம். இடுக்கித் தோட்டங்களில் வேலை பார்த்த நம்மூர்க்காரர்கள் நிறையப் பேருக்கு அந்தக் கை உண்டு, விசாரித்துக் கூப்பிடுங்கள். அடிவாரக் கல் மலையைப் பார்த்து உள்சாய்வாக உட்கார வேண்டும். நாலடி உயரத்துக்கு ஓரடி மலைப்பக்கம் சாய்ந்து ஏற வேண்டும். இரண்டு கல் சேருகிற இணைப்புக்கு மேல் ஒரு கல் முழுசாக உட்கார வேண்டும். இடையிடையே நீளமான கல்லைச் சுவருக்குள் நெடுக்காக விட்டுப் பிடித்துக்கொள்ளச் செய்ய வேண்டும். சுவருக்குப் பின்னால் மண்ணைப் போடாதீர்கள், உடைகல்தான். மண் ஈரத்தில் ஊறிச் சுவரைத் தள்ளும், கல் தண்ணீரை விட்டுவிடும். மூன்றடிக்கு மேல் சுவர் தேவைப்படுகிற இடத்தைத் தொடாமல், வனத்துறையிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

செடி வெட்டுவது சுலபமான வேலை என்று எல்லாரும் அதற்கே வருவார்கள். உண்ணிச்செடி (லான்டானா) காட்டைக் கெடுக்கிற களை, அதைத் தூரோடு பிடுங்கலாம், காவலரே சந்தோஷப்படுவார். புல்லைப் பிடுங்காதீர்கள், சரிவைப் பிடித்துவைத்திருப்பது அதன் வேர். கணுக்கால் உயரத்துக்கு அறுத்தால் போதும். கிளை வெட்டினால் பாதிக் கட்டையாக நீட்டிக்கொண்டு விடக்கூடாது, அது கண்ணைக் குத்துகிற உயரத்தில்தான் நிற்கும். அடிமூட்டை ஒட்டி வெட்டி, வெட்டியதைப் பாதைக்குக் கீழ்ப்பக்கம், வடிகால் வாயை அடைக்காத இடத்தில் சிதறிப் போடுங்கள். குவித்து வைக்காதீர்கள், பங்குனியில் அது விறகு.

தீயைப் பற்றி இந்த மலையில் யாரும் லேசாகப் பேச மாட்டோம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக்கு மேலே மூண்ட தீயில் இருபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் சின்ன வயசுக்காரர்கள். ஆள் உயரப் புல் காய்ந்து நிற்கிற சரிவு அது. தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும், ஏறுகிறவரால் அதை முந்த முடியாது. அதனால் எங்கள் குழுவில் பீடி, சிகரெட், தீப்பெட்டி எதுவும் மேலே வராது. சாப்பாடு வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வருவதுதான். புளிசாதமோ எலுமிச்சைச் சாதமோ வாழையிலையில் கட்டி வாருங்கள், டீ பிளாஸ்கில். வேலை தொடங்கும் முன் வெட்டவெளிப் பாறை எங்கே, ஓடை எங்கே என்று காவலர் எல்லாருக்கும் காட்டிவிடுவார். புகை தெரிந்தால் கருவியைப் போட்டுவிட்டு அங்கே போக வேண்டும், மேட்டைப் பார்த்து ஏறக்கூடாது.

கருவியைத் தோளில் வைத்து நடக்க வேண்டாம். கையில், சரிவுப் பக்கமாக, வெட்டுமுனை கீழே பார்க்க. ஓங்கி வெட்டுகிறவரிடமிருந்து பத்தடி தள்ளி நில்லுங்கள். காட்டுமாடு நின்றால் அது போகும் வரை வேலை நிறுத்தம்தான், கூச்சல் போட்டு விரட்டக்கூடாது. மேல்பகுதியில் ஈரம் இருந்தால் அட்டை ஏறும், உப்பு வைத்துக்கொள்ளுங்கள். பாம்பு கடித்தால் கட்டுவது, கீறுவது ஒன்றும் வேண்டாம். அசையாமல் படுக்க வைத்து, தூக்கி இறக்கி, 108-க்குச் சொல்லி அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சிக்னல் கிடைக்கிற இடம் எது என்று முன்கூட்டியே தெரிந்து வையுங்கள். மூன்று மணிக்குக் கருவியைக் கழுவிவிட வேண்டும், பனி இறங்கினால் பாதை தெரியாது.

குழுவில் ஒருவர் நோட்டு வைத்திருக்கட்டும். எந்த வளைவில், எந்தப் பாறைக்குப் பக்கத்தில், என்ன வேலை, என்ன தேதி. படமும் எடுங்கள், ஒரே இடத்தில் நின்று ஒரே கோணத்தில். அடுத்த மழை கழிந்து போகும்போது அந்தப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வடிகால் வேலை செய்ததா என்று தெரிந்துவிடும். அந்த நோட்டின் நகலை வனச்சரக அலுவலகத்தில் கொடுங்கள். அடுத்த மனுவுக்கு அதைவிடப் பெரிய சிபாரிசு கிடையாது. புதிதாக இடம் தேடி ஓடாமல், போட்ட வேலைக்கே திரும்பப் போகிற குழுவைத்தான் ரேஞ்சருக்கும் பிடிக்கும், ஊருக்கும் பிடிக்கும்.

மார்கழியில் வேலை செய்ய வேண்டும் என்றால் மனுவை ஐப்பசியிலேயே கொடுத்துவிடுங்கள். கடிதம் தேனி போய்த் திரும்பி வர நாளாகும். கையுறை நம் செலவு. கடப்பாரையும் சம்மட்டியும் முதல் தடவைக்கு வாங்க வேண்டாம், போடியில் கொத்தனார் யாரிடம் கேட்டாலும் ஒரு நாளைக்குக் கொடுப்பார்கள்.